ரோம் நகரமும் ஜூலை வெயிலும்: உங்க கேள்விகளுக்குப் பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ரோம் நகரத்தைப் பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுல இருந்து கேள்வியா வந்து குவியுது. முக்கால்வாசிப் பேர் ஐரோப்பாவுலயே இருக்கிற நம்ம ஆளுங்க, பசங்க லீவை விட்டா வேற நேரம் கிடையாது, அதனால ஜூலை ஆகஸ்ட்லதான் போறாங்க. நான் மூணு தடவை போயிருக்கேன், அதுல ரெண்டு தடவை நல்ல கோடையில. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன்.

கேள்வி: அக்கா, ஜூலை கடைசி வாரம் நாலு நாள் ரோம் போறோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுலயும் பத்து வயசுலயும் ரெண்டு பசங்க. முதல் நாள் கொலோசியம், ஃபோரம், பாலடைன் குன்று, சாயங்காலம் ட்ரேவி நீரூற்று, அப்படியே ஸ்பானிஷ் படிக்கட்டு. ரெண்டாவது நாள் முழுசும் வாட்டிகன். சரியா வருமா? (வாசகி, லண்டன்)

வராதும்மா. முதல் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கே சின்னவன் ஃபோரம்ங்கற அந்தப் பழைய ஊர்ச் சதுக்கத்து இடிபாட்டு நடுவுல கல்லு மேல உக்காந்துடுவான், எழுந்திருக்க மாட்டேன்னுடுவான், நீங்களும் அவரும் யாரு தூக்கறதுன்னு பேசிக்கிட்டு நிப்பீங்க, சாயங்காலம் ட்ரேவி பக்கம் போற தெம்பே யாருக்கும் இருக்காது.

நாலு நாள்னு எண்ணாதீங்க. நாலு காலை, நாலு ராத்திரின்னு எண்ணுங்க. நடுவுல பன்னண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஊர் சுத்தற கணக்குலயே சேர்க்காதீங்க, அது சாப்பிட, படுக்க, இல்ல ஏதாவது குளிர்ச்சியான கட்டடத்துக்குள்ள இருக்க வேண்டிய நேரம். ஜூலை கடைசியில அங்க ராத்திரி எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால மத்தியானம் அஞ்சு மணி நேரம் படுத்துக்கிட்டாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல.

கொலோசியத்துக்கு முதல் ஸ்லாட் எடுங்க, காலை எட்டரைக்கு. டிக்கெட்ல ஒவ்வொருத்தர் பேரும் அச்சடிச்சிருக்கும், வாசல்ல பாஸ்போர்ட்டோ ஐடி கார்டோ கேப்பாங்க, குழந்தைங்களோடதும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. அதிகாரபூர்வ வெப்சைட்ல கிட்டத்தட்ட முப்பது நாளுக்கு முன்னாடி விற்பனை திறக்கும், அன்னிக்கே வாங்கிடுங்க, கோடையில காலை ஸ்லாட் ரொம்ப சீக்கிரம் காலியாகிடும். கண்ணாடி பாட்டிலும் பெரிய பையும் உள்ள விட மாட்டாங்க.

உள்ள போனதும் பசங்களுக்கு அந்தப் பெரிய அரங்கத்தோட மேல் விளிம்பைக் காட்டுங்க. கி.பி. 80-ல டைட்டஸ் பேரரசர் இதைத் திறந்து வெச்ச காலத்துல அங்க சுத்திலும் மரக்கம்பம் நட்டு, கயிறு கட்டி, பெரிய துணிப் பந்தல் விரிச்சிருக்காங்க. அதை இழுத்துக் கட்டறதுக்குன்னே கப்பல்படை மாலுமிகளைக் கொண்டு வந்து ஊருக்குள்ள குடி வெச்சிருந்தாங்க, பாய்மரம் கட்டித் தெரிஞ்சவங்க அவங்கதானே. கம்பத்தைத் தாங்கின கல்லெல்லாம் இன்னும் அங்க துருத்திக்கிட்டு நிக்குது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்களே இந்த வெயில்ல நிழல் இல்லாம உக்கார முடியாதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க, இப்போ அந்தப் பந்தலும் இல்ல.

ஃபோரத்தை அன்னிக்கே பார்க்கணும்னா கொலோசியம் முடிச்ச கையோட போயிட்டு பதினொன்றரைக்குள்ள வெளிய வந்துடுங்க. அது முழுக்க திறந்தவெளி, உடைஞ்ச தூணும் கல்லும்தான், மரம் அங்கொண்ணு இங்கொண்ணு. பாலடைன் குன்று மேல பரவாயில்ல, தோட்டமும் மரமும் இருக்கு. பசங்க துவண்டா ஃபோரத்தை மேல இருந்து ஒரு பார்வை பார்த்துட்டு விட்டுடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. வாட்டிகன் பத்தி கீழ தனியா சொல்றேன்.

கேள்வி: என் கணவர் "நாம பார்க்காத வெயிலா, முப்பத்தஞ்சு டிகிரிக்கு என்ன இவ்வளவு பில்டப்"னு சொல்றார். நீங்களே பதில் சொல்லுங்க. (வாசகி, ஆஸ்லோ)

அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அந்தப் பழகின வெயில்ல அவர் எப்பவாவது மத்தியானம் ஒரு மணிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் நடந்திருக்காரா? வெயில் ஊர்ல பொறந்தவங்க அந்த நேரத்துல வெளிய வராம இருக்கக் கத்துக்கிட்டவங்க, அதுதான் பழக்கம்னு நாம சொல்றது. டூரிஸ்ட்டா போறப்ப மட்டும் அதை மறந்துடறோம். போதாததுக்கு ஆஸ்லோவுல இருந்து நேரா வந்து இறங்கறீங்க, உடம்பு புது வெயிலுக்குத் திரும்பப் பழகவே ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும்.

இன்னொண்ணு, ரோம்ல வெயில் மேல இருந்து மட்டும் வரலை. பழைய ஊர்த் தெருவெல்லாம் சம்பியெத்ரீனின்னு சொல்ற சின்னச் சின்னக் கறுப்புக் கல்லு பாவினது, எரிமலைக் கல்லு, பகல் முழுக்க சூட்டைக் குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கிட்டே இருக்கும். சுத்திலும் கல் சுவர், கல் தரை, வாகனப் புகை. 2023 ஜூலையில 40 டிகிரியைத் தாண்டிப் போச்சு ரோம்ல. அவங்க சுகாதார அமைச்சகம் கோடை முழுக்க 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடுது, அதுல சிவப்புன்னு வந்தா வயசானவங்களுக்கும் நோயாளிங்களுக்கும் மட்டும் இல்ல, நல்லா திடமா இருக்கிறவங்களுக்கும் ஆபத்துன்னு அர்த்தம். ஹோட்டல் பதிவு பண்ணும்போது ரூம்ல ஏசி வேலை செய்யுதான்னு கேட்டு உறுதி பண்ணிக்குங்க, பழைய கட்டடம் நிறைய இருக்கிற ஊர், எல்லா இடத்துலயும் இருக்கும்னு நினைக்காதீங்க.

கேள்வி: தெருக்குழாயில தண்ணி குடிக்கலாமா? பாட்டில் வாங்கியே காசு கரையுதுன்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க. (வாசகர், பாரிஸ்)

தாராளமா குடிக்கலாம், நான் அதைத்தான் குடிச்சேன், பசங்களுக்கும் அதைத்தான் கொடுத்தேன். தெருவோரத்துல மார்பளவு உயரத்துல இரும்புத் தூண் மாதிரி நிக்கும், கீழ வளைஞ்ச மூக்கு மாதிரி குழாய், அதுல ராப்பகலா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். அந்த மூக்கை வெச்சுத்தான் அதுக்கு நசோனி, அதாவது பெரிய மூக்குன்னு பேரு. 1874-ல ஆரம்பிச்சது, இப்போ ஊர் முழுக்க கிட்டத்தட்ட 2,500 இருக்கு. குழாய் வாயை விரலால அடைச்சா மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சிக்கிட்டு வரும், குனியாம அப்படியே வாய் வெச்சுக் குடிக்கலாம், பசங்களுக்கு இது ஒண்ணு போதும், அரைமணி நேரம் விளையாடுவாங்க. தண்ணி நல்லா சில்லுனு இருக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில் வெச்சுக்குங்க, பார்க்கிற குழாயில எல்லாம் ரொப்பிக்குங்க, தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. துண்டை நனைச்சுக் கழுத்துல போட்டுக்குங்க, அது பண்ற வேலையை எந்த ஐஸ் காபியும் பண்ணாது. வெறும் தண்ணியாவே குடிச்சுக்கிட்டு இருக்காம உப்பு இருக்கிறதா ஏதாவது சாப்பிடுங்க, வேர்வையில உப்பும் சேர்ந்துதான் போகுது.

தண்ணின்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். ட்ரேவி நீரூற்றுக்கு வர்ற தண்ணி, கி.மு. 19-ல அகஸ்டஸ் பேரரசரோட தளபதி அக்ரிப்பா வெட்டின அக்வா விர்கோ கால்வாய் வழியா வர்றது. பெரும்பாலும் பூமிக்கு அடியில போறதால மத்த கால்வாய்ங்க அழிஞ்சப்பவும் இது பிழைச்சுக்கிச்சு, பழுது பார்த்துப் பார்த்து இன்னிக்கு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வர்றாங்க. தாகமா இருந்த படைவீரங்களுக்கு ஒரு சின்னப் பொண்ணு ஊற்றைக் காட்டினாள்னு கதை, அந்தக் காட்சியை நீரூற்றுலயே மேல வலது பக்கம் சிற்பமா வெச்சிருக்காங்க. எல்லாரும் காசு போடறதுக்குத் திரும்பி நிக்கிறதால பாதிப் பேர் அதைப் பார்க்கிறதே இல்ல.

கேள்வி: ட்ரேவி நீரூற்று முன்னாடி கூட்டம் இல்லாம ஒரு போட்டோ எடுக்க முடியுமா? (வாசகி, ஸூரிக்)

முடியும், விடிகாலையில அஞ்சரை மணிக்கு. அதுதவிர வேற வழி கிடையாது. 2024 டிசம்பர்ல சுத்தம் பண்ணித் திரும்பத் திறந்தப்புறம் பக்கத்துல ஒரே நேரத்துல 400 பேருக்கு மேல விடறதில்ல, அப்படியும் பகல்ல தோளோட தோள் உரசிக்கிட்டுத்தான் நிக்கணும். நான் ரெண்டாவது தடவை போனப்ப தூக்கம் வராம அந்த நேரத்துக்கு நடந்து போனேன், ரெண்டு தெரு முன்னாடியே தண்ணி சத்தம் கேட்டுச்சு, பகல்ல போனப்ப அந்தச் சத்தமே எனக்குக் கேட்டதில்ல. தெருக் கூட்டுற ஆளு ஒருத்தர், கல்யாண உடையில ஒரு ஜோடி, நான், அவ்வளவுதான். தண்ணியில கால் மட்டும் வெச்சுடாதீங்க, எவ்வளவு வெயிலா இருந்தாலும் சரி, அபராதம் போடுவாங்க. ஸ்பானிஷ் படிக்கட்டுலயும் அப்படித்தான், 2019-ல இருந்து அதுல உக்காரவே கூடாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க. வாட்டிகன் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆகஸ்ட்ல கூட்டிட்டுப் போகலாமா? (வாசகர், கோபன்ஹேகன்)

தம்பி, முடிஞ்சா அக்டோபருக்கு மாத்துங்க. வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது, உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கும், ஆனா கேட்டா "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா"ன்னுதான் சொல்வாங்க. பிபி மாத்திரையில சிலது நீரை வெளியேத்தற வகை, வெயில்ல அது சேர்ந்துக்கிட்டா எழுந்து நிக்கும்போது தலை சுத்தி விழுந்துடுவாங்க. போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க.

மாத்தவே முடியாதுன்னா புனித பேதுரு பேராலயத்துக்குக் காலை ஏழு மணிக்குத் திறக்கும்போதே போய் நில்லுங்க. உள்ள போறதுக்குக் காசு கிடையாது, ஆனா செக்யூரிட்டி வரிசை சதுக்கத்துல இருக்கு, பத்து மணிக்கு மேல அந்த வரிசையில துளி நிழல் கிடையாது. சுத்தி இருக்கிற, சிற்பி பெர்னினியோட தூண் மண்டபத்துல 284 தூண் இருக்கு, அம்மாவை அங்க நிழல்ல இருக்கச் சொல்லிட்டு நீங்க வரிசையில நில்லுங்க, முன்னாடி வந்ததும் கூப்பிட்டுக்கலாம். கோபுரம் ஏறவே வேண்டாம். லிஃப்ட் இருக்குன்னு சொல்வாங்க, லிஃப்ட்டுக்கு அப்புறமும் 320 படி இருக்கு, குறுகலா, சுவர் சாஞ்சு, பாதியில திரும்பி இறங்க முடியாத மாதிரி. கறுப்புக் கல்லுத் தெருவுல நடக்க நல்ல பிடிப்பான ஷூ வேணும், செருப்பு வேண்டாம், அந்தக் கல்லு தேஞ்சு வழுக்கும்.

இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. தலைவலி, தலைசுத்தல், கால்ல பிடிப்பு, ரொம்ப வேர்வைன்னா உடனே நிழலுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுத் தண்ணி கொடுங்க, அன்னிக்குப் பார்த்தது போதும்னு ரூமுக்குத் திரும்பிடுங்க. பேச்சு குழறினாலோ, எங்க இருக்கோம்னு புரியாம முழிச்சாலோ, உடம்பு நெருப்பாக் கொதிச்சாலோ அது வெப்பத் தாக்குதல், ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம 112-க்குப் போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் துணியை நனைச்சு உடம்பெல்லாம் ஒத்தி விசிறிக்கிட்டே இருங்க, நினைவு இல்லன்னா வாயில தண்ணி ஊத்தாதீங்க.

கேள்வி: வாட்டிகன் மியூசியத்துக்கு வரிசையில நிக்காம போக டிக்கெட் இருக்குன்னு தெருவுல விக்கிறாங்களாமே, வாங்கலாமா? (வாசகர், மிலான்)

வேண்டாங்க. முதல் தடவை நான் வாங்கி ஏமாந்தேன். மெட்ரோ ஸ்டேஷன் வாசல்லயே கழுத்துல அட்டை மாட்டின ஒருத்தர், ரொம்ப மரியாதையாப் பேசி ரெண்டு மடங்கு விலை வாங்கிட்டு ஒரு கடைக்குள்ள கூட்டிட்டுப் போனார், குழு சேரணும்னு ஒண்ணே கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க, அப்புறம் பதினோரு மணி வெயில்ல செக்யூரிட்டி வரிசையில எல்லாரோடயும்தான் நின்னேன். செக்யூரிட்டி வரிசையை யாராலயும் தாண்ட முடியாது. மியூசியத்தோட சொந்த வெப்சைட்ல நேரம் போட்டு வாங்குங்க, கொஞ்சம் கூடக் கட்டணம் வரும், கொடுத்துடலாம்.

வருஷத்துக்கு 60 லட்சம் பேருக்கு மேல வர்ற இடம் அது. ஞாயித்துக்கிழமை மூடிடுவாங்க, மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், கோடையில அந்த இலவசத்துக்கு ஆசைப்படாதீங்க. சிஸ்டைன் சாப்பல்ங்கற சிற்றாலயம் வரைக்கும் போற நீளமான கேலரிங்கள்ல நான் போனப்ப மூச்சு முட்டுச்சு, நிக்க முடியாம கூட்டமே நம்மளைத் தள்ளிக்கிட்டுப் போகும். சாப்பலுக்குள்ள வந்ததும் குளுகுளுன்னு இருக்கும், மனுஷங்க மூச்சும் வேர்வையும் ஓவியத்தைக் கெடுக்குதுன்னு 2014-ல புது ஏசி போட்டாங்க. மைக்கேலாஞ்சலோ 1508-ல இருந்து 1512 வரைக்கும் நாலு வருஷம் கையைத் தூக்கிக்கிட்டு வரைஞ்ச கூரை, அதை அஞ்சு நிமிஷத்துல பார்த்துட்டு ஓடாதீங்க. சுவரை ஒட்டி பெஞ்சு இருக்கு, யாராவது எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்து உக்காருங்க. போட்டோ எடுக்கக் கூடாது, அதுவே நல்லதுதான்.

கேள்வி: ஷார்ட்ஸ், கையில்லாத டாப்ஸ் போட்டுக்கிட்டு சர்ச்சுக்குள்ள விடுவாங்களா? (வாசகி, பெர்லின்)

தோளும் முட்டியும் மறைஞ்சிருக்கணும், ஆம்பளைங்களுக்கும் அதேதான். மெல்லிசா ஒரு காட்டன் துப்பட்டா பையில இருந்தா போதும், வெளிய தலைக்கு, உள்ள தோளுக்கு.

கேள்வி: மத்தியானம் அஞ்சு மணி நேரம் வெளிய போகாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு காசு கொடுத்துப் போயிட்டு ஹோட்டல்ல தூங்கவா முடியும்? எங்க போறது? (வாசகர், ஆம்ஸ்டர்டாம்)

இந்தக் கேள்விக்காகவே இன்னிக்கு எழுத உக்காந்தேன்னு சொல்லலாம். ரோம் நகரத்தோட பாதி பூமிக்கு அடியில இருக்கு, சூடு அங்க வராது.

கொலோசியத்துல இருந்து பத்து நிமிஷ நடை, சான் கிளெமெந்தே ஆலயம். மேல இருக்கிறது 12-ஆம் நூற்றாண்டு. படி இறங்கினா 4-ஆம் நூற்றாண்டு ஆலயம். இன்னும் இறங்கினா முதல் நூற்றாண்டு ரோமன் கட்டடமும், மித்ராங்கற பழைய தெய்வத்தோட வழிபாட்டு அறையும். அந்தக் கடைசித் தளத்துல எங்கயோ தண்ணி ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், மேல ஊர் கொதிக்குதுன்னே மறந்துடும். ரோம்ல நிறைய ஆலயங்களை மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் மூடிடுவாங்க, இதுவும் அப்படித்தான், அதனால பதினொரு மணி வாக்குல உள்ள போயிடுங்க. அப்பியன் சாலையில சான் கலிஸ்தோ, சான் செபஸ்தியானோ நிலவறைக் கல்லறைங்க இருக்கு, உள்ள 15, 16 டிகிரிதான், பசங்களுக்கு ஸ்வெட்டர் வேணும், ஜூலையில ஸ்வெட்டரான்னு சிரிக்காதீங்க. சான் கலிஸ்தோவை மத்தியானம் ரெண்டு மணி நேரம் மூடுவாங்க, புதன்கிழமை லீவு.

மத்தியானம் மூடாத இடம்னா டெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிர்ல பலாட்ஸோ மாஸ்ஸிமோ மியூசியம். கொலோசியத்துல கூட்டம் நெரியற அதே நேரத்துல நான் அங்க ஒரு அறையில தனியா உக்காந்திருந்தேன். அகஸ்டஸோட மனைவி லிவியாவோட கிராமத்து வீட்டுல, பாதி பூமிக்குள்ள கட்டின அறை ஒண்ணு இருந்துச்சு, கோடையில குளிர்ச்சியா உக்காந்து சாப்பிடறதுக்குன்னு கட்டினதா சொல்றாங்க. ஜன்னல் இல்லாத அறைங்கறதால நாலு சுவருலயும் தோட்டத்தையே வரைஞ்சு வெச்சுட்டாங்க, மாதுளை மாதிரி மரங்கள், பறவைங்க, காத்துல சாயற கிளைங்க. 1863-ல கண்டுபிடிச்சு, பின்னாடி சுவரோட பெயர்த்துக் கொண்டு வந்து அதே அளவு அறையில நிறுத்தியிருக்காங்க. கோடைக்கு ஒளிஞ்சுக்க அவங்க கட்டின அறையில, கோடைக்கு ஒளிஞ்சுக்க நானும் போய் உக்காந்தேன், எழுந்து வரவே மனசு வரலை. ரோம்ல ஒரு மியூசியத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

போர்கேஸே கேலரியும் நல்ல இடம், முன்பதிவு கட்டாயம், ரெண்டு ரெண்டு மணி நேரமாத்தான் விடுவாங்க, அதனால உள்ள நெரிசல் அளவோட இருக்கும். பெர்னினி செதுக்கின, கதையில மரமா மாறுற தாஃப்னிங்கற பொண்ணோட விரல்ல இருந்து இலை முளைக்கிறதைக் கிட்டப் போய்ப் பாருங்க. வெளிய வந்தா சுத்திலும் பூங்கா, மரநிழல்.

கேள்வி: ஆகஸ்ட் 15 வாரத்துல ரோம்ல எல்லாம் மூடியிருக்கும்னு சொல்றாங்களே? (வாசகி, வியன்னா)

எல்லாம் மூடாது. அது ஃபெராகோஸ்தோ, அகஸ்டஸ் பேரரசர் காலத்துல கி.மு. 18-ல ஆரம்பிச்ச விடுமுறை, இன்னிக்கும் ஊர்க்காரங்க கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிடுவாங்க. தெருவோரக் குடும்ப உணவகங்க, சின்னக் கடைங்க பலதும் ரெண்டு மூணு வாரம் ஷட்டர் போட்டிருக்கும், வாட்டிகன் மியூசியம் 15-ஆம் தேதி லீவு. பஸ்ஸுங்க வர்றதும் குறையும். ஆனா ஊர்க்காரங்க வண்டி இல்லாத தெருக்கள் அமைதியா இருக்கும், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. முடிஞ்சா 5-ஆம் தேதிக்கு முன்னாடியே போங்க. அன்னிக்கு சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்துல, 4-ஆம் நூற்றாண்டுல ஆகஸ்ட் மாசம் அந்தக் குன்று மேல பனி பெய்ஞ்சதுங்கற ஐதீகத்தை நினைச்சு, மேற்கூரையில இருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவாங்க. வெளிய முப்பத்தஞ்சு டிகிரி, உள்ள எல்லாரும் தலையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பனிக்காகக் காத்திருப்பாங்க.

கேள்வி: எங்களுக்கு விமானம் மாறுற இடைவெளியில ஒரே ஒரு மத்தியானம்தான் ரோம்ல. வெயிலா இருந்தாலும் ஒரு இடம் மட்டும் பார்க்கணும்னா எது? (வாசகர், டப்ளின்)

பாந்தியான்ங்கற பழைய ரோமானியக் கோயில். யோசிக்கவே வேண்டாம். ஹேட்ரியன் பேரரசர் காலத்துல, கிட்டத்தட்ட கி.பி. 126-ல கட்டி முடிச்சது, 43.3 மீட்டர் அகலக் கூரை, கம்பி எதுவும் இல்லாம வெறும் கான்கிரீட்டுல நிக்குது, தரையில இருந்து உச்சிக்கு உயரமும் அதே 43.3 மீட்டர். 2023 ஜூலையில இருந்து டிக்கெட் வெச்சிருக்காங்க, ஆன்லைன்ல வாங்கிட்டுப் போங்க, சுவர் ஆறு மீட்டர் தடிமன்ங்கறதால உள்ள காலடி வெச்சதுமே சூடு இறங்கும். உச்சியில கூரைக்கு நடுவுல வட்டமா ஒரு திறப்பு, வெளிச்சத்துக்கு அதுவும் வாசலும்தான் வழி. குளிர்காலத்துல போனா அந்த வெளிச்ச வட்டம் மேல கூரையிலேயே நின்னுடும், கீழ வராது. கோடையில சூரியன் உச்சிக்குப் பக்கத்துல ஏறுறதால வட்டம் தரைக்கே இறங்கி வரும். ஒரு மணி வாக்குல உள்ள போய் வாசலுக்கும் நடுக்கூடத்துக்கும் இடையில சுவரோரமா நில்லுங்க, ஒண்ணே கால் மணிக்கு அது உங்க முன்னாடி பளிங்குத் தரையில விழுந்து கிடக்கும், பசங்க அதுக்குள்ள போய் நின்னு கையை நீட்டுவாங்க, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே நகரும்.